பழைய செவர்லே சி10 பிக்கப்பின் கேபின் தரையை மாற்றுவது: எதற்குப் பிறகு எது

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதே காலத்து ஜிஎம்சி பிக்கப்பும் உடல்வாகில் இதன் கூடப்பிறந்ததுதான், அதற்கும் இது பொருந்தும். வேறு பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு அளவுகளும் இடங்களும் மாறும். வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அதனால் துருவுக்குப் பஞ்சமே இல்லை. என் வண்டியை முடித்த பிறகு நண்பர்கள் சிலருடைய வண்டிகளிலும் கூட நின்று வேலை செய்தேன். புதிதாக வருபவர்கள் வெல்டிங்கை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: முட்டுக் கொடுக்கும் முன் வெட்டிவிடுகிறார்கள்.

தரை என்றால் கால் வைக்கும் தகடு மட்டும் இல்லை. கதவுக்கு முன்னால் இருக்கும் தூணையும் பின்னால் இருக்கும் தூணையும் கீழே இழுத்துப் பிடித்திருப்பது அதுவும், அதன் ஓரத்தில், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் ராக்கர் என்ற பெட்டியும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் கேபின் மெல்லத் தொய்ந்துவிடும். அரை அங்குலம் தொய்ந்த நிலையில் புதுத் தரையை வெல்ட் செய்துவிட்டால் கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது.

1. துரு எங்கே முடிகிறது என்று பாருங்கள்

பாகம் ஆர்டர் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. தரை விரிப்பையும் அதற்கு அடியில் இருக்கும் சணல் மெத்தையையும் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அந்த மெத்தை ஒரு தடவை நனைந்தால் மாதக்கணக்கில் ஈரம் காக்கும். கேடு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பழைய ஸ்க்ரூடிரைவரால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டங்கென்று பதில் சொல்லும். கெட்டது மொத்தென்று சத்தம் போட்டு உள்ளே போகும். உள்ளே போகாத இடம் வரும்வரை குத்திக்கொண்டே போய், அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தள்ளிப் போய்விடுகிறது என்பதைப் பார்த்தால் முதல் நாளே கொஞ்சம் மனசு உடையும். உடையட்டும், இப்போது உடைவது நல்லது.

தரையோடு நின்றுவிடாதீர்கள். கால் பக்கத்துக் கிக் பேனலின் அடிப்பகுதி, உள் ராக்கர், வெளி ராக்கர், கேபினின் பின்மூலை, தரைக்கு அடியில் முன் கேப் மவுண்டைத் (கேபினை வண்டியின் அடிச்சட்டத்தோடு ரப்பரும் போல்ட்டும் வைத்துப் பிடிக்கும் இடம்) தாங்கும் பெட்டி போன்ற சட்டம், எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். தரை மட்டும் தனியாகத் துருப்பிடித்த சி10-ஐ நான் இதுவரை பார்க்கவில்லை.

துரு உள்ளங்கை அளவு என்றால் ஒட்டுத் தகடு போதும். கால் வைக்கும் பள்ளம் முழுக்கப் போயிருந்தால் நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் திமில்வரை வரும் அரைத் தரை வாங்குங்கள், இடம் வலம் என்று தனித்தனியாகக் கிடைக்கும். நாலைந்து ஒட்டுப் போடுவதற்கு ஒரே அரைத் தரை போடுவது வேலையிலும் குறைவு, தைத்த சட்டை மாதிரியும் தெரியாது.

2. தண்ணீர் வரும் வழியை அடையுங்கள்

இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். புதுத் தரைக்கு மேல் பழைய ஒழுக்கு விழுந்தால் சில வருடத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய தரை அங்கேயே இருக்கும்போது சோதித்தால் ஈரம் எங்கே சேர்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் திறப்புகள் இருக்கின்றன. அங்கே இறங்கும் மழைநீர் கேபினின் இரண்டு பக்கத்து அறைகள் வழியாக வெளியே வடிய வேண்டும். ஐம்பது வருடத்து இலையும் மண்ணும் அங்கே அடைத்திருக்கும். அதையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு ஹோஸ் பைப்பால் தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும். முதலில் திறப்புகள், அப்புறம் முன் கண்ணாடியின் ரப்பர், அப்புறம் கதவு ரப்பர், கடைசியில் பின் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நிமிடம் காத்திருங்கள். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் அடித்தால் எது ஒழுகியது என்று தெரியாமல் போகும்.

3. கையில் இருக்க வேண்டியவை

தரைத் தகடு 18 கேஜில் கிடைத்தால் நல்லது, அதாவது சுமார் 1.2 மிமீ. அதைவிட மெல்லியதை வெல்ட் செய்யும்போது ஓட்டை விழும், காலடியில் தகர டப்பா மாதிரி அமுங்கும்.

ராக்கர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ராக்கரின் மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும் மேலுறை வகை ஒன்று விற்கிறார்கள். விலை குறைவு, வேலையும் எளிது. ஆனால் துருவை உள்ளே வைத்து மூடுவதற்குத்தான் அது பயன்படும். கதவுப் படியோடு சேர்ந்து, தொழிற்சாலையில் வந்த வடிவத்திலேயே இருக்கும் முழு ராக்கரை வாங்குங்கள்.

கேப் மவுண்ட் ரப்பரும் போல்ட்டும் முழு செட்டாக வாங்கிவிடுங்கள். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

மிக் வெல்டர், 0.6 மிமீ கம்பி, 75 சதவீத ஆர்கானும் 25 சதவீத கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த கேஸ், இவை மெல்லிய தகட்டுக்குச் சரியான கூட்டணி. கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கம்பியாலும் முடியும். ஆனால் சூடு அதிகம், தெறிப்பு அதிகம், தகடு நெளிவதும் அதிகம். முதல் தடவை செய்பவர் இந்த இடத்தில் காசைப் பார்க்க வேண்டாம்.

மற்றவை: ஆங்கிள் கிரைண்டர் இரண்டு (ஒன்றில் வெட்டும் வட்டு, ஒன்றில் தேய்க்கும் வட்டு, ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் பொறுமை போய்விடும்), ஸ்பாட் வெல்ட் (தொழிற்சாலையில் தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்த வெல்ட்) எடுக்கும் 8 மிமீ கட்டர், சென்டர் பஞ்ச், மெல்லிய உளி, சுத்தியல், டாலி (தகட்டுக்கு அடியில் பிடிக்கும் இரும்புக் கட்டை), பூட்டுப் பிடி உள்ள பிளையர் குறைந்தது எட்டு, ஒரு அங்குலச் சதுரக் குழாய் இருபது அடி, துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர், எபாக்ஸி பிரைமர், தகடுகள் சேரும் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், பெட்டிகளுக்குள் அடிக்கும் மெழுகு. உங்களுக்காக: வெல்டிங் ஹெல்மெட், அதற்குள் அடங்கும் சுவாச முகமூடி, தோல் கையுறை, பருத்திச் சட்டை. நைலான் கலந்த சட்டையில் தீப்பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பாகங்கள் வந்த அன்றே பெட்டியைப் பிரித்து வண்டியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடத்துக்குப் பதில் வலம் வந்திருக்கும், மூலை நசுங்கியிருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப முடியாது.

4. பெட்ரோல் டேங்க்கை வெளியே கொண்டு போங்கள்

இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. 1973-இல் வந்த அடுத்த மாடலில்தான் அது கேபினைவிட்டு வெளியே போனது. நீங்கள் கிரைண்டர் பிடிக்கும் இடத்துக்கும் டேங்க்குக்கும் நடுவில் ஒரு சீட்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

"பெட்ரோலை வடித்துவிட்டேன், டேங்க் காலிதான்" என்று சொல்வார்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து. பெட்ரோல் தானாக வெடிப்பதில்லை, அதன் ஆவியும் காற்றும் கலந்தால் வெடிக்கும், காலி டேங்க்கில் நிரம்பியிருப்பது அந்தக் கலவை. ஆகவே வடித்து, கழற்றி, கராஜைவிட்டே வெளியே எடுத்துப் போய் வையுங்கள். டேங்க்கிலிருந்து கீழே இறங்கும் குழாயின் முனையையும் மூடி போட்டு அடையுங்கள்.

அடுத்து பேட்டரி. இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். அப்புறம் சீட், சீட் பெல்ட், கதவுப் படியை ஒட்டிப் போகும் வயர்கள். இடது காலடியில் ஹெட்லைட்டை டிம் செய்யும் மிதி சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றி வயரோடு டேஷ்போர்டுக்கு மேலே கட்டிவிடுங்கள். இதை மறந்து தரையை வெட்டிய ஒருவர் வயரையும் சேர்த்து வெட்டிவிட்டு, ஹெட்லைட் எரியாத காரணத்தை நாள் முழுக்க வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிகளை வெல்டிங் துணியால் மூடுங்கள். கிரைண்டரின் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், தேய்த்தால் போகாது. தரைக்கு அடியில் இருக்கும் தார் மாதிரியான பூச்சை, வெல்டிங் வரப்போகும் இடத்திலிருந்து ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது எரியும், எரிவது உங்களுக்கு மேலே இருந்து தெரியாது.

துடைப்பதற்கு பிரேக் கிளீனர் டின்னை எடுக்கிறீர்களா? குளோரின் கலந்த வகை வேண்டவே வேண்டாம். அதன் மிச்சம் தகட்டில் இருக்கும்போது வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகுதான் வெல்டரை எடுக்க வேண்டும்.

5. முதலில் கதவைச் சரி செய்யுங்கள்

தரை மாற்றுகிறவர் கதவை ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றும். உங்கள் கையில் இருக்கும் அளவுகோலே அந்தக் கதவுதான்.

கேபினை வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து இறக்காதீர்கள். வண்டியைச் சமமான தரையில், அடிச்சட்டத்துக்குக் கீழே நான்கு ஸ்டாண்டு கொடுத்து, மட்டம் பார்த்து நிறுத்துங்கள். வேலை முடியும்வரை அதை நகர்த்த வேண்டாம். பழைய அடிச்சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அதன் மேலே இருக்கும் கேபினும் கூடவே முறுக்கும்.

இப்போது புது மவுண்ட் ரப்பர்களை மாட்டுங்கள். பழைய ரப்பர் நசுங்கி, கேபின் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த நிலைக்கு ஏற்பத் தரையை வெல்ட் செய்துவிட்டுப் பிறகு புது ரப்பர் போட்டால் எல்லாம் மாறிப்போகும். முன் மவுண்டைத் தாங்கும் சட்டமே துருவில் போயிருந்தால், அந்த இடத்தில் மரக்கட்டையும் சின்ன ஜாக்கும் கொடுத்துக் கேபினைச் சரியான உயரத்தில் நிறுத்துங்கள்.

அப்புறம் கதவுக் கீல். கதவைப் பாதி திறந்து, அடியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலின் பின்னையும் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். தொங்கிய கதவை நம்பித் தரையை அமைத்தால் தொங்கலும் நிரந்தரமாகிவிடும்.

கடைசியில் கதவை மூடி, சுற்றிலும் இடைவெளி பாருங்கள். என் வண்டியில் சுமார் 5 மிமீக்குக் கொண்டுவந்தேன். இந்த வண்டிகள் புதிதாக வந்தபோதே அவ்வளவு நேர்த்தியாக இருந்ததில்லை. மேலிருந்து கீழே ஒரே சீராக இருந்தால் போதும்.

6. அளவு எடுத்து முட்டுக் கொடுங்கள்

ஒவ்வொரு கதவுத் திறப்பிலும் நான்கு அளவு எடுங்கள்: மேல் அகலம், கீழ் அகலம், இரண்டு மூலைவிட்டங்கள். அப்புறம் கேபினுக்குக் குறுக்கே, முன் தூணிலிருந்து முன் தூணுக்கும் பின் தூணிலிருந்து பின் தூணுக்கும். எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்பதற்கு சென்டர் பஞ்சால் சின்னப் புள்ளி அடித்துவிடுங்கள். "கிட்டத்தட்ட இந்த இடம்" என்று அளந்தால் மறுபடி அளக்கும்போது உங்களுக்கே சந்தேகம் வரும். அளவுகளைப் பேப்பர் டேப்பில் எழுதிக் கேபின் கூரையின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன். நோட்டுப் புத்தகம் எப்படியும் தொலையும்.

இனி முட்டு. சதுரக் குழாயை முன் தூணிலிருந்து பின் தூணுக்கு, ஒன்று இடுப்பு உயரத்திலும் ஒன்று அதற்குக் கீழேயும் வெல்ட் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் சாய்வாக ஒன்று. கேபினுக்குக் குறுக்கே இடமிருந்து வலமாக ஒன்று. குழாய் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு எளிதாக அறுத்து எடுக்க வசதியாகச் சின்னச் சின்னதாக மட்டும் வெல்ட் பிடியுங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முட்டு இருக்கும்போதும் கதவு மூட வேண்டும், ஏனென்றால் வேலை நடுவே பத்துப் பதினைந்து தடவை கதவை மூடிப் பார்ப்பீர்கள். ஆகவே குழாயைத் தூணின் உட்பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். இன்னொன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அழகாக முட்டெல்லாம் கொடுத்து, தரையையும் வெட்டிவிட்டு, புது அரைத் தரையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது முட்டுகளுக்கு நடுவே நுழையவில்லை. ஒரு முட்டுக் குழாயை அறுத்து, வேறு இடத்தில் பிடித்து, மறுபடி எல்லாவற்றையும் அளக்க ஒரு முழுச் சனிக்கிழமை போனது. முட்டுகளை வெல்ட் செய்யும் முன் புதுத் தகட்டைக் கதவு வழியாக ஒரு தடவை உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள்.

7. ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள்

இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியிருந்தாலும் ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். வெட்டாத பக்கம்தான் உங்கள் மாதிரி வடிவம். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க வேறு எதுவும் இருக்காது.

முதலில் வெளி ராக்கரை எடுங்கள், அப்போதுதான் உள்ளே இருப்பதன் உண்மை நிலை தெரியும். மணல், காய்ந்த சேறு, எலி கட்டிய கூடு எல்லாம் கொட்டும். முகமூடியோடு நில்லுங்கள்.

அப்புறம் தரை. புதுத் தகட்டின் அளவுக்கு நேராக வெட்டிவிடாதீர்கள். கோட்டுக்கு ஒரு அங்குலம் உள்ளே தள்ளி நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். விளிம்பைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம், வெட்டியதை நீட்ட முடியாது. வெட்டு வட்டை ஆழமாக இறக்கவும் வேண்டாம், அடியில் குறுக்குச் சட்டம், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் போகின்றன.

விளிம்புகளை ஸ்பாட் வெல்ட் வழியாகவே பிரியுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்தால் வட்டமான சின்னப் பள்ளங்கள் தெரியும். நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, கட்டரால் மேல் தகட்டை மட்டும் குடையுங்கள். அடித்தகட்டுக்கு ஓட்டை போட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. கட்டரின் சத்தமும் சுருளின் நிறமும் மாறும்போது நிறுத்துங்கள். பிறகு உளியை நடுவே விட்டு லேசாகத் தட்டினால் பிரிந்துவிடும். பிரியவில்லை என்றால் இன்னொரு ஸ்பாட் வெல்ட் எங்கோ ஒளிந்திருக்கிறது, பலம் காட்டாமல் அதைத் தேடுங்கள்.

எடுத்த பழைய தரையைத் தூக்கி எறியாதீர்கள். ஓட்டைகள் எங்கே, சீட் பெல்ட் பிடிக்கும் தடித்த தகடு எங்கே என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

8. அடியில் இருப்பதை முதலில் கட்டுங்கள்

இப்போது வரிசை: கிக் பேனலின் அடிப்பகுதி, முன் மவுண்டைத் தாங்கும் சட்டம், உள் ராக்கர், தரை, கடைசியில் வெளி ராக்கர். உட்கார வேண்டிய பொருளுக்கு முன் அது உட்காரும் இடம் தயாராக இருக்க வேண்டும். வெளி ராக்கரைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அது மூடிய பிறகு உள்ளே வெல்டரும் நுழையாது, பெயிண்ட் பிரஷ்ஷும் நுழையாது.

மவுண்ட் சட்டத்தை வைத்து போல்ட்டை அதன் வழியாக உண்மையாகவே மாட்டி முறுக்கிப் பாருங்கள். கண்ணால் பார்த்து "நேராக இருக்கிறது" என்று வெல்ட் செய்த சட்டத்தில் போல்ட் பிறகு நுழைவதில்லை. எல்லாவற்றையும் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள். முழு வெல்டிங் இப்போது வேண்டாம்.

9. புதுத் தரையை வைத்து எடுத்து வைத்து எடுங்கள்

இன்று கிடைக்கும் மாற்றுப் பாகங்கள் நேராக உட்காருவதில்லை. ஓரம் நீளமாக இருக்கும், வளைவு கொஞ்சம் மாறியிருக்கும். ஏழெட்டு தடவை வைத்து எடுப்பது சாதாரணம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் வெட்டுங்கள்.

உட்கார்ந்ததும் தகட்டு ஸ்க்ரூக்களால் தற்காலிகமாகப் பிடியுங்கள். பிளையர் எட்டாத நடுப்பகுதியில் ஸ்க்ரூதான் இரண்டு தகடுகளையும் இடைவெளி இல்லாமல் இழுத்துப் பிடிக்கும். பிறகு அந்த ஓட்டையை வெல்டால் அடைத்துவிடலாம்.

வெல்டரை எடுக்கும் முன் கதவை மூடிப் பாருங்கள். டேப்பில் எழுதிய அளவுகளை மறுபடி எடுங்கள், 3 மிமீக்கு மேல் மாறியிருந்தால் நின்று காரணம் தேடுங்கள். சீட்டை உண்மையாகவே வைத்து நான்கு போல்ட்டும் பிடிக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் திமிலின் மூடி, மிதி சுவிட்சின் ஓட்டை, இவற்றையும் பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் தவறு ஸ்க்ரூவைக் கழற்றினால் சரியாகும். வெல்டுக்குப் பிறகு கண்டுபிடித்தால் கிரைண்டர்தான்.

சீட் பெல்ட் பிடிக்கும் இடத்தில் பழைய தரையில் தடித்த தகடு ஒன்று வெல்ட் செய்திருக்கும். சில புதுத் தரைகளில் அது இருக்காது. மெல்லிய தகட்டில் வெறும் வாஷரைப் போட்டு பெல்ட்டை மாட்டினால் விபத்தில் அது பிய்ந்துகொண்டு வரும். பழையதிலிருந்து அந்தத் தடித்த தகட்டைப் பிரித்து எடுத்துப் புதியதில் வையுங்கள், அல்லது அதே கனத்தில் புதிதாகச் செய்து வையுங்கள்.

எல்லாம் சரி என்றால் கழற்றி, விளிம்பில் ஓர் அங்குலத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று 8 மிமீ ஓட்டைகள் போடுங்கள். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்ட் இருந்த இடங்களுக்குப் பதில் இவை. ஒன்றின் மேல் ஒன்று படியும் இடங்களில் புதுத் தகட்டோடு வரும் கறுப்புப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, துத்தநாக பிரைமரை இரண்டு பக்கமும் அடியுங்கள். வெல்டிங் முடிந்த பிறகு அந்த இடுக்குக்குள் பெயிண்ட் போகாது, அதைக் காக்கப்போவது இந்தப் பிரைமர் மட்டுமே.

10. வெல்டிங்

முதலில் பழைய தரையிலிருந்து வெட்டிய துண்டில் பழகுங்கள். வெல்ட் செய்துவிட்டு உளியால் பிரித்துப் பாருங்கள். மேல் தகடு கிழிந்து, வெல்ட் அடித்தகட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால் நல்ல வெல்ட். சுத்தமாகக் கழன்று வந்தால் அது வெறும் பொட்டு.

ஓட்டையில் வெல்ட் செய்யும்போது நடுவில், அடித்தகட்டில் தொடங்கி, வட்டமாக விளிம்புக்கு வாருங்கள். விளிம்பில் தொடங்கினால் மேல் தகடு மட்டும் உருகி ஓட்டையை மூடிவிடும், கீழே பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

எர்த் கிளாம்ப்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், தேய்த்த இரும்பில் போடுங்கள். தூரத்தில் சக்கரத்திலோ இன்ஜினிலோ போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கலாம்.

முனையோடு முனை சேரும் இடங்களில் 1 மிமீ அளவுக்கு இடைவெளி விட்டு, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு முழம் தள்ளி, அடுத்தது இரண்டுக்கும் நடுவில் என்று குதித்துக் குதித்துப் போங்கள். தொடர்ச்சியாகக் கோடு இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி எழும்பிவிடும். வெல்ட் ஆறும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது சுற்றியுள்ள தகட்டை இழுக்கிறது. கை வைத்துத் தாங்கும் சூட்டுக்கு வந்த பிறகு அடுத்த புள்ளி. அவசரத்தில் ஈரத்துணி போட்டு ஆற்றாதீர்கள், காற்று போதும். நெளிந்துவிட்டால் அடியில் டாலியைப் பிடித்து வெல்டின் மேல் சுத்தியலால் தட்டுங்கள், சுருங்கியது கொஞ்சம் விரியும்.

துத்தநாகப் பிரைமர் எரியும் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். முகமூடியும் திறந்த கராஜ் கதவும் கட்டாயம்.

கூட ஒருவர் தீயணைப்புக் கருவியோடு வண்டிக்கு அடியில் கண் வைத்திருக்கட்டும். முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் கராஜைவிட்டுப் போகாதீர்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய பஞ்சு சத்தம் காட்டாமல் கனன்றுகொண்டிருக்கும்.

11. மூடுவது, பூசுவது

வெல்டைத் தேய்க்கும்போது மேடு மட்டும் போனால் போதும். கண்ணாடி மாதிரி வரவேண்டும் என்று தேய்த்துக்கொண்டே போனால் பக்கத்துத் தகடு காகிதமாகிவிடும். மேலே விரிப்பு வரப்போகிறது, யாரும் பார்க்கமாட்டார்கள். பட்டி பூசிச் சமன் செய்யும் பழக்கத்தையும் தரைக்குக் கொண்டுவர வேண்டாம். மிதிபடும் இடத்தில் பட்டி விரிசல் விடும், விரிசலில் தண்ணீர் நிற்கும்.

எபாக்ஸி பிரைமர் முதலில், அது காய்ந்த பிறகு சீம் சீலர், அதற்கு மேல் பெயிண்ட். வெறும் இரும்பின் மேல் சீலர் வைத்தால் அதன் அடியிலேயே துரு தொடங்கும். எல்லா இணைப்புகளுக்கும் மேலும் கீழும் சீலர் வையுங்கள். ராக்கரின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளுக்கு மட்டும் கூடாது. ஆர்வக் கோளாறில் அதையும் அடைத்தவர்கள் உண்டு.

வெளி ராக்கரை வெல்ட் செய்யும் முன் அதன் உட்பக்கத்துக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். எல்லா வெல்டிங்கும் முடிந்து பெயிண்ட்டும் காய்ந்த பிறகு, நீளக் குழாயால் பெட்டிகளுக்குள் மெழுகு அடியுங்கள். வரிசை மாறினால் மெழுகு எரியும், பெயிண்ட் ஒட்டாது.

12. மறுபக்கமும், திரும்ப மாட்டுவதும்

முதல் பக்கம் வெல்டிங் முழுக்க முடிந்து, கதவும் சரியாக மூடுகிறது என்றால், மறுபக்கத்தை ஏழாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்துக்கு எனக்கு மூன்று வாரயிறுதிகள் ஆயின. இரண்டாவது பக்கம் ஒன்றரையில் முடிந்தது.

இரண்டு பக்கமும் முடிந்து, கேப் மவுண்ட் போல்ட்டுகளையும் இறுக்கிய பிறகுதான் முட்டுகளை அறுக்க வேண்டும். அறுக்கும்போது குழாய் டப்பென்று துள்ளினால் கேபினில் எங்கோ இழுவிசை தங்கியிருக்கிறது. அடுத்த முட்டுக் குழாயைத் தொடும் முன் அளவுகளைப் பாருங்கள்.

விரிப்பைப் போட அவசரப்படாதீர்கள். வெறும் தரையோடு ஹோஸ் பைப் சோதனையை மறுபடி செய்யுங்கள், அப்புறம் ஒரு நல்ல மழைக்கு வண்டியை வெளியே நிறுத்துங்கள். என் வண்டியில் ஹோஸுக்கு ஒழுகாத இடது கிக் பேனல் மழைக்கு ஒழுகியது. ஒரு விரல் சீலரில் முடிந்த வேலை. விரிப்புக்கு அடியில் இருந்திருந்தால் அடுத்த வசந்தத்தில்தான் தெரிந்திருக்கும்.

சணல் மெத்தைக்குப் பதில் தண்ணீர் உறிஞ்சாத நுரை மெத்தை போடுங்கள். பெட்ரோல் டேங்க் கடைசியில் வரட்டும், கிரைண்டரையும் வெல்டரையும் அலமாரியில் வைத்த பிறகு.